துளசிங்கத்தின் வலக்கை

நாலாம் நாளும் அந்தக் கை கூழைக் கொட்டியது.

சொம்பை நோக்கி அது போன விதத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு விரல்கள் ஐந்தும் மெல்ல விரிந்தன. எவர்சில்வர் சொம்பைச் சுற்றி மடங்கின. கட்டைவிரல் எதிர்ப்பக்கம் வந்து சேர்ந்தது. துளசிங்கத்தின் பெண்டாட்டி பிரபாவதி பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பு ஒரு சாண் உயரம் எழும்பியது. மறுநொடி மணிக்கட்டு சடக்கென்று உள்பக்கம் திரும்ப, கேழ்வரகுக் கூழும் அதில் கிடந்த வெங்காயமும் துளசிங்கத்தின் மடியில் விழுந்தன.

"இன்னொரு வாட்டி பாருய்யா. நான் வேற ஊத்தியாறேன்" என்றாள்.

"கீறது நாலு லுங்கி. நாலும் கூழு குடிச்சிட்ச்சி. நான்தான் இன்னும் குடிக்கல."

பிரபாவதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்காமல் சொல்லியிருந்தான். சிரிப்பு வாயோடு நின்றது.

அன்றைக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை திருத்தணி மலைமேல் கல்யாணம். துளசிங்கத்தின் அக்கா சுலோச்சனாவுக்கு ஒரே மகள் அனுராதா. தாய்மாமன் சீர்த்தட்டை எடுத்துவந்து பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தட்டில் இருக்கும் புடவையைக் கட்டிக்கொண்டுதான் அவள் மணையில் உட்காருவாள். அதை இடக்கையால் கொடுப்பது இந்தப் பக்கத்தில் நடக்காத காரியம். "பீச்சாங்கையில சீர் குடுக்கிறதுக்கு நான் வராமலே கீறேன்" என்று தை மாதமே துளசிங்கம் சொல்லிவிட்டான்.

அவன் போகாமல் இருந்தால் அதோடு முடிகிற விஷயமா என்பதுதான் பிரபாவதியின் கவலை. கை போனது கோதண்டத்தின் கடையில். கோதண்டம் சுலோச்சனாவின் புருஷன், துளசிங்கத்துக்குப் பாவா. கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் கரும்புச்சாறு கடை வைத்திருந்தான். போன ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் மொய்த்த வேளையில் துளசிங்கம் ஒத்தாசைக்குப் போய் நின்றான். ஒரு தடவை பிழிந்த கரும்பை மடித்து மறுபடி விட்டபோது, உருளை கரும்போடு விரல்களையும் இழுத்துக்கொண்டது. முழங்கைக்குக் கீழே நாலு விரல்கடை மிச்சம்.

யார்மேலும் குற்றமில்லை. கோதண்டம் மறுநாளே கடையை மூடினான். இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். "பாவா மேல எனக்கு இன்னா கோவம்?" என்று துளசிங்கம் கேட்பான். கேட்பானே தவிர, அந்த வீட்டு வாசலை மிதித்து ஏழு மாதமாயிற்று. யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதும் இல்லை. இடக்கையால் சோறு அள்ளுவதை ஒருத்தரும் பார்க்கக் கூடாதென்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவான். அந்த ஒருத்தரில் பிரபாவதியும் சேர்த்தி.

கை போன பத்தாம் நாள் அவன் சொன்னான். "கட்டவெரலு மடங்கிகினு கீது பிரபா. நிமித்த முடியல. நகம் உள்ளங்கையில குத்திகினே கீது."

அவள் கட்டுப்போட்ட முனையைப் பார்த்து அழுதாள். மறுபடி சொன்னபோதும் அழுதாள். மாசக்கணக்கில் சொன்னபோது அலுப்புத் தட்டி, "இல்லாத கைய நான் எங்க போயி நீவி வுடறது? அத்த மறந்துடுய்யா" என்று ஒருநாள் கத்திவிட்டாள். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை விஜி வந்தபோதுதான் அந்த வார்த்தை பிரபாவதியைத் திருப்பிச் சுட்டது.

விஜி சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் வேலை செய்கிற பெண். கை போனவர்கள் ஆறு பேருக்குப் புதுவிதமான கையை மாட்டிப் பார்க்கிறார்கள். கட்டுப் பிரித்த ஆஸ்பத்திரியில் துளசிங்கத்தின் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கையை மாட்டுவதற்கு முன்னால் விஜி ஒரு பட்டையை அவன் முழங்கைக்குக் கீழே சுற்றினாள். பட்டையின் உள்பக்கம் எட்டு வெள்ளிப் பொட்டுகள். செல்போனை அவனுக்கு எதிரே நிறுத்தினாள். அதில் எட்டுக் கோடுகள் ஓடின.

"கட்டைவிரலை மடக்குங்கண்ணா."

"எந்தக் கையிங்க?"

"வலது கைதான்."

துளசிங்கம் முதலில் விஜியைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். கண்ணை மூடினான். எறும்புச் சாரிபோல ஊர்ந்துகொண்டிருந்த கோடுகளில் இரண்டு குபுக்கென்று எழும்பின.

"சூப்பர். இப்ப விட்டுடுங்க." கோடுகள் தணிந்தன. ஆனால் ஒன்றுமட்டும் அடங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. விஜி குனிந்து பார்த்தாள். "அண்ணா, கட்டைவிரலை எப்பவுமே இறுக்கி வெச்சிருக்கீங்களா? சும்மா இருக்கும்போதே சதை இழுத்துட்டிருக்கே. வலிக்குமே இது."

துளசிங்கம் குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தான். 

பிரபாவதி அந்தக் கோட்டையே பார்த்தாள். மலைமேல் கதவு திறந்து தீபம் காட்டும்போது பார்ப்பாளே, அப்படி. ஏழு மாதம் கட்டின பெண்டாட்டி நம்பாததை ஓர் இயந்திரம் வந்த அரைமணியில் நம்பிவிட்டது. அந்தக் கை இருக்கிறது. வலித்துக்கொண்டும் இருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு எழுந்து, டீ போடுகிறேன் என்று உள்ளே போனாள்.

டீ குடித்துக்கொண்டே விஜி விளக்கினாள். "இது உள்ள இப்டிதான் பிடிக்கணும்னு நாங்க எதையும் எழுதி வெக்கலக்கா. செல்லு 'பிடி'ன்னு சொல்லும். அண்ணா மனசுல பிடிக்கணும். அப்ப சதை எப்டித் துடிக்குதுன்னு பார்த்துப் பார்த்து அதுவே கத்துக்கும். ஆறு பேருக்கும் ஆறு விதமா கத்துக்கும். இன்னொருத்தருக்கு மாட்டினா இது சும்மா கிடக்கும்."

"அப்போ இது அவருக்குன்னே பொறந்தது."

"அப்படித்தான் வெச்சிக்கங்களேன்."

அன்றிலிருந்து செல்போனில் ஒரு பெண்குரல் நாளெல்லாம் "பிடி... விடு... ஓய்வு..." என்று சொல்லிக்கொண்டிருந்தது. துளசிங்கம் நாளுக்கு நானூறு தடவை பிடித்தான், நானூறு தடவை விட்டான். விரல்கள் இரண்டாம் நாளே வசமாயின. மணிக்கட்டுதான் வசமாகவில்லை. எதைப் பிடித்தாலும் ஒரு திருப்புத் திருப்பிக் கவிழ்த்தது. போனில் கேட்டதற்கு விஜி, "பிடின்னு சொல்றப்பல்லாம் அண்ணா சேர்த்துத் திருப்பவும் செய்றாங்க. கை அதையும் சேர்த்துப் பிடின்னே கத்துக்கிச்சு. திருப்பாம பிடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"நான் எங்க திருப்பறேன்?" என்றான் துளசிங்கம். அவனுக்கு மெய்யாகவே தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சுலோச்சனா வந்தாள். தூக்குவாளி நிறைய அதிரசம். தம்பி கதவோரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கறுப்புக் கை துண்டுக்குள் இருந்தது.

"இன்னாடா, அக்கா வந்துகீறேன், மொகத்த காட்ட மாட்டியா?"

"வா. உக்காரு."

"உக்காரத்தான் வந்தேன். ஞாயித்துக்கெழம நீ வர்றியா, இல்ல நான் இங்கயே உக்காந்துக்கவா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"பிரபா வருவா. தட்ட அவ குடுப்பா."

"அவளா தாய்மாமன்? மீச கீதா அவளுக்கு?"

பிரபாவதி அதிரசத்தைத் தட்டில் எடுத்து வைத்தாள். யாரும் தொடவில்லை.

"நான் கோவத்துல வரலன்னு நெனச்சிக்காதக்கா" என்றான் துளசிங்கம்.

"நான் நெனக்கல. ஊரு நெனச்சா நெனச்சிட்டுப் போவட்டும். உங்க பாவா நெனப்பாரு." சுலோச்சனாவின் குரல் இறங்கியது. "ஏழு மாசமா அவரு டீயில சக்கர போட்டுக்கிறதில்ல, தெரியுமா உனக்கு? ஏன்யான்னு கேட்டேன். கரும்புன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. நீ மணவறையில வந்து நிக்கலன்னா அந்த மனுஷன் சாவற வரைக்கும் அப்டியேதான் குடிப்பாரு."

துளசிங்கம் சுவரையே பார்த்தான். சுலோச்சனா புறப்படும்போது பிரபாவதியின் கையைப் பிடித்து, "எப்டியாச்சும் இட்டாந்துடு பிரபா" என்றாள்.

"ஆங், அண்ணி" என்றாள் பிரபாவதி. எப்படி என்பது அவளுக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிய அவள் திருவாலங்காட்டுக்குக் கரும்பு வெட்டப் போனாள். மாசிப் பனி கரும்புத் தோகையில் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குள் ரவிக்கை நனைந்து, ஒன்பது மணிக்குள் காய்ந்து, பத்து மணிக்கு வியர்வையில் மறுபடி நனையும். கல்யாணமான நாளிலிருந்து அவளும் துளசிங்கமும் பக்கத்துப் பக்கத்துப் பாரில், அடுத்தடுத்த கரும்பு வரிசையில் வெட்டினவர்கள். அவன் கத்திச் சத்தத்தை வைத்தே அவளும் வெட்டுவாள். இப்போது அந்தப் பாரில் வேறு யாரோ.

அவள் இடக்கை கரும்பைப் பிடிக்க, வலக்கை இறங்கி அடியில் ஒரு வெட்டுப் போட்டது. போட்ட வேகத்திலேயே கத்தியைத் திருப்பி, முதுகுப்பக்கத்துக் கொக்கியால் தோகையை வழித்தது. மறுபடி திருப்பி நுனியைச் சீவியது. அடுத்த கரும்பு. வெட்டு, திருப்பு, வழி. வெட்டு, திருப்பு.

பிரபாவதி அப்படியே நின்றுவிட்டாள். தன் வலது மணிக்கட்டைப் பார்த்தாள். கத்தியை வெறுமனே பிடித்துப் பார்த்தாள். பிடித்ததுமே மணிக்கட்டு உள்பக்கம் போகத் துடித்தது.

"இன்னா பிரபா, கத்திக்கு ஜோசியம் பாக்கறியா?" என்றார் மேஸ்திரி துரைக்கண்ணு.

அவள் காதில் அது விழவில்லை. பதினெட்டு வருஷம் கத்தி பிடித்தவன். பிடி என்று யார் சொன்னாலும் அவன் சதைக்குத் தெரிந்த பிடி அது ஒன்றுதான். அந்தக் கை தப்பாகக் கற்கவில்லை. துளசிங்கம் யாரென்று அது சரியாகத்தான் கற்றிருக்கிறது. எங்கோ சென்னையில் செய்த பொருள், இந்தப் பக்கம் வந்து ஒரு கரும்பைக்கூடப் பார்க்காதது, நாலே நாளில் கரும்பு வெட்டக் கற்றுக்கொண்டது. 

அப்படியானால் அவன் திருப்பாமல் பிடித்தது எதை? யோசித்தாள். வண்டி ஆக்சிலேட்டர் முறுக்குவது. கிணற்றுக் கயிறு இழுப்பது. சோறு அள்ளினாலும் கை திரும்பித்தான் வாய்க்குப் போகும். ஒன்றும் உதவவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் கரும்புக் கட்டோடு ஓர் ஆள் சாய்வுப் பலகைமேல் ஏறினான். பலகை தொய்ந்து ஆடியது. தலைக்குமேல் தூக்கின வலக்கை கட்டைப் பிடித்தபடி இருந்தது. உடம்பெல்லாம் ஆடியும் அந்த மணிக்கட்டு அசையவில்லை. அசைந்தால் கட்டு சரியும், ஆளும் சேர்ந்து விழுவான். துளசிங்கமும் இப்படிக் கட்டு ஏற்றினவன்தான்.

பிரபாவதி கத்தியை வரப்பில் வைத்தாள்.

"அண்ணே, எனக்கு ஒரு கட்டு கரும்பு வோணும்."

"வீட்டுக்கா? ஆனை இன்னா வாங்கிகீறியா?"

"எங்க ஊட்டுக்காரருக்கு."

துரைக்கண்ணு அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஏதும் கேட்காமல் சின்னக் கட்டாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

பகல் வெயிலில் அவள் கட்டோடு வந்து நின்றபோது துளசிங்கத்துக்குக் கோபம்தான் வந்தது.

"இத்த ஏன் இங்க எடுத்தாந்த?"

"எழுந்திருய்யா. தலையில வெக்கணும்."

"வெயில்ல உனக்கு எதுனா ஆயிட்ச்சா?"

"ஆயிட்ச்சி. எழுந்திரு."

தலையில் சும்மாடு வைத்து, கட்டைத் தூக்கி வைத்தாள். செல்போனைத் தட்டினாள். "லாரிப் பலகையில ஏர்றன்னு நெனச்சிக்கோ. வலக்கைய தூக்கு. கத்திய மறந்துடு. கட்டு சரியாம புடிச்சிகினு ஏறணும், அவ்ளோதான்."

"பக்கத்து வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"பொண்டாட்டி கிட்ட தண்டன வாங்கறான்னு நெனப்பாங்க. தூக்கு."

"பிடி" என்றது செல்போன்.

கறுப்புக் கை மேலே போயிற்று. விரல்கள் கரும்பைச் சுற்றின. துளசிங்கம் அறியாமலே முழங்காலைத் தளர்த்தி, தொய்கிற பலகையில் நடப்பதுபோல் ஓரடி வைத்தான். இன்னோரடி. வேப்பமரம் வரை போய்த் திரும்பினான். மணிக்கட்டு அசையவில்லை.

 பேசினால் கட்டு விழுந்துவிடும் போலிருந்தது.

ஆனால் கையை மார்பு உயரத்துக்கு இறக்கித் தட்டைப் பிடிக்கச் சொன்னபோது, அது பழையபடி கவிழ்த்தது. பிரபாவதி விஜியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். 

"அக்கா, நாங்க அஞ்சு பேர் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துட்டிருந்தோம். எங்களுக்குப் புரியல" என்றாள் விஜி. பிறகு அவசரமாகச் சொன்னாள். "கையைத் தூக்கினா ஒருமாதிரி துடிக்கும், இறக்கினா வேறமாதிரி துடிக்கும். மேலே கத்துக்கிட்டது தானா கீழே வராது. நீங்கதான் இறக்கிக் கொண்டுவரணும். ஒரு சாண் இறக்குங்க, அங்கே நூறு தடவை. அப்புறம் இன்னொரு சாண்."

அப்படித்தான் இறக்கினார்கள். கட்டு தலையிலிருந்து தோளுக்கு வந்தது. தோளிலிருந்து மார்புக்கு. ஒவ்வொரு சாணிலும் அவன் பலகையில் நடந்தான். அவள் எதிரே நின்று கட்டைத் தாங்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். கறுப்பு விரல்களுக்கு அடியில் அவள் விரல்கள். மோட்டார் ஓடும் மெல்லிய இரைச்சல் அவள் எலும்பில் கேட்டது. இல்லாத ஒரு கை நினைக்கிறது, இருக்கிற ஒரு பொருள் அதற்குக் காது கொடுக்கிறது. இந்த வாசலில், கோழி மேயும் இடத்தில் இது நடக்கிறது.

"கட்டவெரலு" என்றான் துளசிங்கம் திடீரென்று, சனிக்கிழமை மத்தியானம்.

"இன்னாய்யா?"

"நிமிந்துட்ச்சி பிரபா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து குத்தல. இப்பதான் கவனிக்கிறேன்."

அவள் அந்தக் கறுப்புக் கட்டைவிரலை மெதுவாக நீவிவிட்டாள். அவனுக்கு அது தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தட்டில் தேங்காயும் அரிசியும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பருக்கை சிந்தவில்லை. பெட்டியைத் திறந்து அவனுடைய பட்டுக்கரை வேட்டியை எடுத்து அவள் வெளியே வைத்தாள். அவன் அதைத் திருப்பி உள்ளே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் ஒரே முகூர்த்தத்தில் பத்துப் பன்னிரண்டு கல்யாணம். ஒரு மேளம் முடிக்குமுன் இன்னொரு மேளம் ஆரம்பித்தது. எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்களே தேடிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தின் தெற்கு மூலையில் அனுராதா தலையில் பூவோடு நின்றாள். கோதண்டம் தள்ளி ஒரு தூணருகே நின்றிருந்தான். படியேறி வந்த துளசிங்கத்தைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் இன்னும் ஓரடி ஒதுங்கினான்.

"தாய்மாமன் வாங்க" என்றார் ஐயர்.

துளசிங்கம் தட்டை ஏந்தினான். சட்டைக் கையிலிருந்து வெளியே வந்த கறுப்பு விரல்களைப் பார்த்ததும் சுற்றியிருந்த பேச்சு அடங்கியது. ஒரு குழந்தை "அய்" என்றது. அவன் ஆறடி தூரம் நடந்தான். புடவைமேல் வைத்த வளையல்கள் கிலுங்கக்கூட இல்லை. பிரபாவதி தன்னை அறியாமல் அவனோடு சேர்ந்து முழங்காலைத் தளர்த்தினாள்.

அனுராதா குனிந்து தட்டை வாங்கினாள். தட்டு வரவில்லை.

மெதுவாக இழுத்தாள். வலப்பக்கம் அசையவில்லை. இடக்கை விட்டுவிட்டது, வலக்கை விடவில்லை. துளசிங்கத்தின் கழுத்தில் நரம்பு புடைத்தது. இரண்டு நாளாகத் தட்டைப் பிடிக்கவே பழகினார்களே தவிர, ஒருத்தரிடம் கொடுத்துவிடப் பழகவில்லை என்பது பிரபாவதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமனுக்கு மனசு வரல போலகீதே" என்றாள் மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி. "பொண்ண தானே கட்டிக்கலாம்னு பாக்கறாரு."

"முப்பது வயசுல கேட்டிருந்தா குடுத்திருப்போம்" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. சிரிப்பில் துளசிங்கத்தின் முகம் கறுத்தது. அவன் பதற்றப்படப் படப் பிடி இறுகியது. அனுராதாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பிரபாவதி கூட்டத்தை விலக்கி முன்னே வரப் பார்த்தாள்.

அவளுக்கு முன்னால் கோதண்டம் வந்துவிட்டான். எப்போது தூணை விட்டு நகர்ந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. மகளுக்கும் மச்சானுக்கும் நடுவே நின்று, தட்டின் அடியில் தன் இடக்கையைக் கொடுத்துத் தாங்கினான். வலக்கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கறுப்பு விரல்கள்மேல் இறங்கியது.

"நான் புடிச்சிகினு கீறேன் மச்சான்" என்றான்.  "வுழாது. நீ வுடு."

துளசிங்கம் ஏழு மாதம் கழித்து அவன் முகத்தைப் பார்த்தான். தோள் தளர்ந்தது. முதலில் சுண்டுவிரல் விலகியது, அடுத்து மோதிர விரல், பிறகு ஒவ்வொன்றாக, பூ விரிகிற நிதானத்தில் ஐந்தும். மேளக்காரன் எதையோ புரிந்துகொண்டவன்போல் கெட்டிமேளம் கொட்டினான். தட்டு அனுராதாவிடம் போயிற்று.

கோதண்டத்தின் கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சூடா கீதே மச்சான்" என்றான் மெதுவாக.

"ஒரு வாரமா ஓயாம வேல செய்யுது பாவா" என்றான் துளசிங்கம். "இனிமேதான் கொஞ்சம் உக்காரணும்."

கோதண்டம் கையை எடுக்கவில்லை.